தொபுக்கடீர் தவளை

மழலையர் வகுப்பு டீச்சருக்குச் சிரிப்பு என்பது தும்மல் மாதிரி. வந்துவிட்டால் அடக்க முடியாது. ஆசிரியர் பயிற்சியின்போதே அதற்காக வகுப்புக்கு வெளியே நின்றவர். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த அன்று மவுஸைத் தூக்கித் திரைமேலேயே வைத்து அமுக்கினார். சொல்லிக்கொடுத்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார். இவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கணவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் வேலை. பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய பழைய பெட்டிகளுக்கு உயிர் கொடுத்து, மனைவியின் வகுப்பறைச் சுவரோரம் வரிசையாக வைத்தவர் அவரே. விளையாட்டையும் அவரே செய்தார். திரையில் இரண்டு தட்டுகள், இரண்டிலும் பொத்தான்கள். எதில் அதிகமோ அதை அமுக்க வேண்டும். சரியென்றால் மேலே உட்கார்ந்திருக்கும் தவளை கை தட்டும். தப்பென்றால் வழுக்கிக் குளத்தில் விழும். அதற்கு மனிதர் தன் குரலையே பதிவு செய்திருந்தார்: "ஐயய்யோ... தொபுக்கடீர்!"

"கொஞ்சம் ஓவரா இல்ல?" என்றார் டீச்சர்.

"தப்பு பண்ணா ஒரு பயம் வரணும்ல!"

தலைமையாசிரியைக்கு இந்த ஏற்பாட்டில் துளியும் நம்பிக்கை இல்லை. பால்பல் விழாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்பது அவர் கட்சி. "ஒரு மாசம் பாப்பேன். அதிகம் எது, கம்மி எதுன்னு அதுங்களுக்குத் தெரியலைன்னா எல்லாத்தையும் பெரிய வகுப்புக்கு மாத்திடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாலும் உள்ளுக்குள் உதைத்தது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட அந்தச் சுவரோரம்தான் கத்திக் கூப்பாடு போட்டார்கள். அதை இழக்க அவருக்கு மனசே இல்லை.

மாசம் முடிந்த அன்று தலைமையாசிரியை வந்தார். பின்னாலேயே காவலாளி, பெட்டிகளை ஏற்றத் தள்ளுவண்டியோடு.

"டீச்சர், நீங்க பக்கத்துல நிக்காதீங்க. வாசல்கிட்ட போயிடுங்க."

டீச்சர் வாசலுக்குப் போனார். பிள்ளைகள் அமுக்கத் தொடங்கினார்கள். ஒரு மூலையில் தொபுக்கடீர். இன்னொரு மூலையில் தொபுக்கடீர். பிறகு அறை முழுக்க "ஐயய்யோ! ஐயய்யோ!" என்று கணவரின் குரல் மேல் குரல். ஒரு தவளைகூடக் கை தட்டவில்லை. எல்லாத் திரையிலும் சரியான விடை பூஜ்யம்.

டீச்சர் வாசலிலிருந்தே பதறினார். "நேத்து வரைக்கும் சரியா பண்ணாங்க மேடம்..."

"நேத்து நீங்க பக்கத்துல இருந்தீங்க."

காவலாளி முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கப் போனார். எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எடுக்காதீங்க! என் தவளை இன்னும் விழல!"

டீச்சர் ஓடி வந்தார். "விழணுமா?"

"ஆமா டீச்சர். கம்மியா இருக்கிறத அமுக்கினாதான் விழும். அதிகமா இருக்கிறத அமுக்கினா சும்மா கை தட்டும். போர்!"

"அப்போ நேத்தெல்லாம்?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்கல்ல, பாவம்னு சரியா அமுக்கினோம்."

அவ்வளவுதான், டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு. "மேடம், எது அதிகம்னு தெரியாத பிள்ளை, தெரியாத்தனமா ஒண்ணு ரெண்டாவது சரியா அமுக்கியிருக்கும். இதுங்க ஒண்ணுலயாவது ஏமாந்துச்சா பாருங்க!"

தலைமையாசிரியை லேசில் நம்புகிறவர் அல்ல. குட்டி நாற்காலியில் தன்னை எப்படியோ திணித்து உட்கார்ந்தார். திரையில் புதிதாக இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றில் பொடிப்பொடிப் பொத்தான்கள், மற்றதில் பெரியவை தட்டு நிறைய.

"எது கம்மி?" என்றார் வாயாடியிடம்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "பெருசு பெருசா இருக்குல்ல, அதுதான் கம்மி. ஒண்ணு குறையுது. அமுக்குங்க, அமுக்குங்க!"

தலைமையாசிரியை தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அமுக்கினார்.

"ஐயய்யோ... தொபுக்கடீர்!"

அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டறியாத ஒரு சிரிப்பு, குட்டி நாற்காலியிலிருந்து கெக்கெக்கே என்று கிளம்பியது. காவலாளி வயரை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டிய வெளிய கொண்டு போயிடுங்க," என்றார் தலைமையாசிரியை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வாயாடி அவர் முந்தானையை இழுத்தாள். "மேடம், எந்திரிங்க. என் முறை."

"இரும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு!"