ஐஸ் கொட்டாயில் போட்ட ஸ்லைடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னை ஒரு மாலுக்குச் சினிமா பார்க்கக் கூட்டிப்போனான். படுத்துக்கொள்கிற மாதிரி நாற்காலி, காலை நீட்டிக்கொள்ளப் பலகை, தலைக்கு மேலே ஜில்லென்று ஏசி. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "இன்னாம்மா, ஏசி ஒத்துக்கலியா?" என்று பதறினான். அவனுக்கு என்ன தெரியும்! இந்தத் தும்மலால்தான் அவனுக்கு அப்பாவே கிடைத்தார்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் எங்களுக்கென்று ஒரு தியேட்டர் இருந்தது. வாசல் வளைவில் வாயில் நுழையாத பெரிய பெயராக எழுதியிருப்பார்கள். ஒருத்தரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்திலேயே மீனுக்கு ஐஸ் போடும் ஃபாக்டரி, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதனால் அது ஐஸ் கொட்டாய். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்தச் சுவர் மட்டும் குளிர்ந்து வேர்த்துக்கொண்டிருக்கும். முதுகைச் சாய்த்தால் அப்பாடா! பெண்கள் பகுதியில் சுவரோரப் பெஞ்சைப் பிடிக்க நடக்கும் சண்டையில் கொண்டை அவிழாமல் உட்கார்ந்தவர்கள் குறைவு. நான் ஒருநாளும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

வாசனையா? அதை ஏன் கேட்கிறீர்கள். மீன் விற்றுமுடித்த அம்மாக்கள் காலிக் கூடையோடு நேரே மேட்னிக்கு வந்துவிடுவார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் கூடைக்கும் தனி இடம் உண்டு. முறுக்கு, மல்லிப்பூ, மீன் எல்லாம் கலந்த காற்றில்தான் நாங்கள் காதல் காட்சி பார்த்தோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. கடலுக்குப் போன விசைப்படகு, எங்கள் பேச்சில் போட்டு, கரைக்கு வந்துவிட்டால் ஹார்பரிலிருந்து ஆள் ஓடிவந்து சொல்லும். ஆபரேட்டர் கண்ணாடித் துண்டில் மையால் எழுதி, ஓடுகிற படத்தின் மேலேயே ஸ்லைடு போடுவார். கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போவாள், அவள் நெற்றியில் 'இன்னார் போட்டு வந்துவிட்டது' என்று எழுத்து விழும். ஒரு வரிசையே எழுந்து ஓடும். பாவம், அவள் யாரும் பார்க்காமலே குதிப்பாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதும் அந்தக் கொட்டாயில்தான். வீடு என்றால் ஒரே அறை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கொட்டாய் என்றால், இடைவேளையில் சோடாக் கடைப் பக்கம் தரகர் கண்ணைக் காட்டுவார். பிடிக்கவில்லையா, படம் பார்க்க வந்தோம், பார்த்தோம், போனோம். பெண்ணின் பெயரைக்கூட முன்னால் சொல்லமாட்டார்கள்.

எனக்கு அந்த இடைவேளையே பிடிக்காது. நான் அப்போது எறா கம்பெனியில் இறால் உரிக்கும் வேலையில் இருந்தேன். எந்த சோப்புப் போட்டாலும் கையை விட்டு வாசனை போகாது. முதலில் பார்க்க வந்தவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார். அடுத்தவருக்கு அந்த மரியாதையும் தெரியவில்லை, விரலாலேயே மூடினார். மூன்றாவது ஆள் வருகிறார் என்றபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் தட்டிப்போச்சினா அத்திப்பட்டு ரெண்டாந்தாரத்துக்குத்தான் சரின்னு சொல்வேன், பாத்துக்கோ." அத்திப்பட்டுக்காரருக்கு என் அப்பா வயது. நான் அழுதுகொண்டே மஞ்சள் புடவையைக் கட்டினேன்.

படம் ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாதிப் பாட்டில் ஸ்லைடு விழுந்தது, ஏதோ போட்டு வந்துவிட்டதாம். ஆண்கள் பகுதியிலிருந்து சிலர் எழுந்து ஓடினார்கள். அவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர்! அண்ணன் போட்டாம், மீனை இறக்கி ஏலம் விடும் கரை வேலை இவருடையதாம். இடைவேளையில் சோடாக் கடையில் அவருடைய அம்மா மட்டும் நின்றிருந்தார். "கோச்சிக்காதம்மா, போட்டு வந்துச்சினு பூட்டான்" என்றார். என் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. பார்க்காமலே போனவனை என்னவென்று கணக்கில் சேர்ப்பது? எனக்கு ஒரே எண்ணம்தான்: அத்திப்பட்டு.

விளக்கணைந்து மறுபடி படம். சுவரில் சாய்ந்து சாய்ந்து எனக்கு நன்றாகச் சளி பிடித்துவிட்டிருந்தது. கண்ணிலும் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர். அப்போதுதான் திரையில் அந்த ஸ்லைடு விழுந்தது. 'பெண் பார்க்க அழைத்து வந்த பெண் உடனே வெளியே வரவும்.'

கொட்டாயே விசில் அடித்தது. யாருக்கும் தெரியாமல் நடக்கவேண்டிய காரியத்தை ஊருக்கே எழுதிப் போட்டுவிட்டார் மனுஷன்! கரை வேலையை முடித்துவிட்டு மாப்பிள்ளை ஓடிவந்திருக்கிறார். பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் வர முடியாது, என் பெயரும் தெரியாது. தன் அம்மா பெயரைப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த யோசனைதான் அந்த மண்டைக்கு வரவில்லை. கூத்தைக் கேளுங்கள், அன்றைக்கு அங்கே பெண் பார்க்க வேறு இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார்கள். மூன்று பெண்களும் எழுந்துவிட்டோம்!

வெளியே வந்தால், வெள்ளைச் சட்டை முழுக்க மீன் செதிலோடு ஒருவர் திருதிருவென்று விழித்தபடி நிற்கிறார். கூட இருந்த இரண்டு பெண்களும் சட்டென்று முந்தானையால் மூக்கை மூடினார்கள். நான் மூடவில்லை. வெட்கத்தில் நான் பாதி திரும்ப, அவர் என்னைப் பார்த்தார். அவருடைய அம்மா மூச்சு வாங்க வந்து சேருவதற்குள், "எம்மா, இந்தப் பொண்ணுதானே? எனுக்குப் புடிச்சிக்கீது" என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சளியால் ஒரு வாசனையும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். ரொம்ப வருஷம் கழித்துத்தான் இதை அவரிடம் சொன்னேன். "தெர்யும்மே, மூக்க உறிஞ்சிகினுதானே நின்னே" என்றார். "அப்புறம் இன்னாத்துக்குய்யா புடிச்சுது?" என்றேன். "முதுகெல்லாம் சொவுத்து ஈரம். ஐஸ் சொவுத்தாண்ட எடம் புடிக்கிற பொண்ணு எங்கியும் பொழச்சிக்கும்னு நெனச்சேன்" என்றார். கரை ஆள் இல்லையா, ஈரத்தைப் பார்த்தே எடைபோட்டிருக்கிறார்.

இப்போது ஐஸ் கொட்டாய் இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஐஸ் ஃபாக்டரி அதற்கு முன்பே போயிற்று. நடுச்சுவர் மட்டும் கொஞ்ச நாள் தனியாக நின்றது. ஒருநாள் போய்த் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. அவரும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் மீன் வாசனை குறைந்துவிட்டது என்று மருமகள் சந்தோஷப்படுகிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மாலில் இடைவேளைக்குப் பிறகு நான் படத்தையே பார்க்கவில்லை. திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எந்த ஆபரேட்டரும் மையால் எழுதப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கால் பலகையை மடக்கி, நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் கூப்பிட்டால் இந்தத் தடவை எழுந்திருக்கப் போவது நான் ஒருத்திதானே.

"இன்னாம்மா, பாத்ரூம் போணுமா?" என்றான் மகன்.

"ஒண்ணும் இல்லடா, நீ படத்தப் பாரு" என்றேன்.