கழுவக்கூடாத கத்தி

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நாகலாபுரம் மலைக்குப் போகப் போகிறார். பைக்கில், தனியாக. அதற்குக் கத்தி வாங்க வேண்டுமாம். மடக்குக் கத்தியா மடங்காத கத்தியா, பிடி மரமா ரப்பரா, உறையை இடுப்பில் மாட்டுவதா பையில் வைப்பதா என்று ஒரு வாரமாக ஆராய்ச்சி. கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டி என்னிடமும் யோசனை கேட்டார். "வாங்கினதும் மோந்து பாருங்க சார்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். சிரிக்கட்டும். கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவும் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தெரிந்துகொண்டது.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காலனியில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். இரும்புக் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. சீக்கிரம் பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. வாரம் முழுக்க உலைக்கு முன்னால் வேகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைப் பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றுத் தடுப்பணையில் போய்த் தூண்டில் போடுவார். ஒரு நாள் கெளுத்தி மீனின் முள்ளை வெட்டும்போது மடக்குக் கத்தி அவர் விரல் மேலேயே மடங்கிக்கொண்டது. கட்டுப் போட்ட கையோடு வந்தவரைக் கம்பெனியில் வேலைக்கு விடவில்லை. காயம் ஆறியதும் முதல் காரியமாக, "இனிமே மடங்காத கத்திதான்" என்று கிளம்பினார்.

பொன்னேரியில் பாய் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கத்தி வாங்க அம்மா எதற்கு என்று மாமா முணுமுணுத்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாய் எடுத்துப் போட்டதில் ஒன்று கன்னங்கரேலென்று முழ நீளத்துக்கு, முதுகில் ரம்பப் பல்லோடு இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது.

"மாமா, இத்த வாங்கு மாமா!"

"ஏண்டி, உங்க மாமன் மீன் புடிக்கப் போறானா, ஊர வெட்டப் போறானா?" என்றாள் அம்மா.

மாமா எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் உள்ளங்கை நீளத்தில், முதுகு தடித்த ஒன்றை எடுத்தார். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் மரத்தை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். "இது ஆயுசுக்கும் ஆடாது" என்றார். கூடவே தோல் உறை, பெல்ட்டில் கோத்துக்கொள்கிற மாதிரி. அம்மா கத்தியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த மாட்டினு போனா பாக்கறவன் இன்னாடா நெனப்பான்?"

"மீன் புடிக்கறவன்னு நெனப்பான்."

"நெனப்பான், நெனப்பான்" என்றாள். பாய் கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் புத்தம்புதுக் கத்தியைப் பிடுங்கி, சட்டி நிறைய இருந்த சங்கரா மீனை அதாலேயே சுத்தம் செய்தாள். பிறகு செதிலும் பிசுக்குமாக அப்படியே உறைக்குள் சொருகினாள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தால் முதுகில் போடுகிறவள்! "கழுவினா ராசி போய்டும். எப்பவும் கழுவக்கூடாது" என்று மாமாவிடம் கறாராகச் சொன்னாள்.

எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. ஞாயிறுதோறும் நான் மாமாவோடு போக வேண்டும். "அவனுக்கு நீச்சல் தெரியாது. நீ கூட இருந்து பாத்துக்கோ." எனக்கும்தான் நீச்சல் தெரியாது. ஆனாலும் ஒரு பெரிய மனிதரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்குக் கிடைக்கும்? மைதாவில் சென்னாக்கூனி என்கிற பொடி இறால் கருவாட்டை இடித்துப் போட்டு இரை பிசைவதும் என் வேலை ஆயிற்று. அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் அசையாது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பெரியபாளையத்துக்கு வேண்டுதலுக்குப் போயிருந்தாள். மாமாவுக்கு அதுதான் சமயம். இரும்போடு பிழைப்பவர், நல்ல அலகில் துரு ஏறுவதை எத்தனை வாரம்தான் பொறுப்பார்? மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, கல்லில் தீட்டி, தேங்காயெண்ணெய் தடவினார். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னியது. "உங்கம்மா வர்றதுக்குள்ள ரெண்டு மீன அறுத்துட்டா போச்சு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்றைக்கு என்று ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. ஆடிக்காற்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தூண்டில் நரம்பும் பாறையில் மாட்டிக்கொள்ள, அதை அறுத்து ஆற்றிலேயே விட்டுவிட்டு மாமாவின் பைக்கில் கிளம்பினோம். அந்தக் கத்தி அன்றைக்குச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கவரைப்பேட்டை தாண்டியதும் சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்த வாரம் எங்கள் பக்கம் இரண்டு கோஷ்டிக்குள் வெட்டுக்குத்து நடந்திருந்தது. காற்றில் மாமாவின் சட்டை மேலே எழும்பியது. "வண்டிய ஓரம் கட்டு" என்றார் எஸ்.ஐ.

கத்தியை உருவிப் பார்த்தார். வெயில் பட்டு அது பளீரென்று அடித்தது.

"இன்னா இது?"

"மீன் புடிக்கப் போனோம் சார்."

"மீனு எங்க?"

"கெடைக்கல சார்."

"தூண்டிலு?"

"அறுந்துபோச்சு சார்."

எஸ்.ஐ. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் திரும்பினார். "மீன் புடிச்சானாம். மீனும் இல்ல, தூண்டிலும் இல்ல. கத்தில ஒரு செதிலு இல்ல. இப்பதான் தீட்டி எண்ண போட்டுக்கீறான்." பிறகு மாமாவிடம், "எந்த ஏரியா நீ?"

மாமா காலனியின் பெயரைச் சொன்னார். "ஓ, அங்கியா" என்றார் எஸ்.ஐ. அதற்கு மேல் அவர் குரலில் சந்தேகமே இல்லை. "வண்டில ஏத்து."

மாமா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "சார், சார், கம்பெனில பர்மனென்ட் பண்ணப் போறாங்க சார். கேசுன்னு ஒன்னு வந்தா உள்ளயே வுட மாட்டாங்க சார். எங்க அக்கா பொண்ணு சார் இது, கேட்டுப் பாருங்க சார்." அவர் யாரையும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு பெண் போலீஸ் என்னிடம் குனிந்தார். "யாரு பாப்பா இவரு?"

"எங்க மாமா."

"நெசமா மீன் புடிக்கத்தான் போனீங்களா? பயப்படாம சொல்லு."

கண்ணைக் கசக்கிக்கொண்டு தேம்பினேன். அழாதே என்று என் கையை முகத்திலிருந்து விலக்கியவர், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தார்.

"ஐயய்யே, இன்னா கப்பு இது!" மறுபடியும் என் கையைப் பிடித்து மோந்தார். "சார், சென்னாக்கூனி சார்! தூண்டிலுக்குப் போடறது. புள்ள கையெல்லாம் நாறுது."

எஸ்.ஐ. நம்பவில்லை. நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் இழுத்து விரித்து மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேர் நடுவில் எனக்கு மானம் போயிற்று. மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ள கூட இருக்கறதால வுடறேன். இத்த இடுப்புல மாட்டினு சுத்தாத" என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா திரும்பி வந்திருந்தாள். மாமா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு கத்தியை உருவிப் பார்த்து, வளர்ந்த தம்பியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். "யார்ரா இத்த கழுவச் சொன்னது?" பிடிபட்டதற்கு அடிக்காமல் கழுவியதற்கு அடிக்கிறாளே, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து நான் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். பின்னாலேயே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நாறுகிறதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "கழுவிட்றேம்மா, வுடு" என்றேன். அவள் விடவில்லை.

அடுத்த தை மாதம் நான் வயதுக்கு வந்தேன். தாய்மாமன் முறைக்கு அந்தக் கத்தியாலேயே பச்சைத் தென்னோலை வெட்டி வந்து எனக்குக் குச்சு கட்டினார் மாமா. சடங்கெல்லாம் முடிந்ததும் அம்மா சொன்னாள்: "இனிமே ஆத்துப் பக்கம்லாம் போவக் கூடாது." நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கத்தியை சோப்புப் போட்டுக் கழுவினார். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, அடுப்படி அலமாரியில் தேங்காய் உடைக்கும் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் வராட்டி இன்னா, நீ போய்ட்டு வா மாமா" என்றேன்.

"நீ இல்லாம நான் எப்படிமா போறது?" என்றார்.

எனக்கு அழுகையெல்லாம் பறந்துவிட்டது. என்மேல் எவ்வளவு பாசம்! மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன், நான் இல்லாமல் எங்கள் மாமா மீன் பிடிக்கக்கூடப் போகமாட்டார் என்று.