கொள்ளிடத் திட்டில் ஒரு முள்செடி

திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்தின் நடுவே ஒரு மணல்திட்டில் நிற்கிறேன். அக்கரைக்குப் போக இன்னொரு பரிசல் வர வேண்டும். திட்டெங்கும் மஞ்சள் பூவும் முள் இலையுமாகக் குடியோட்டிப் பூண்டு; வெள்ளம் கொண்டுவந்து போட்ட விதை. வெள்ளரிக்கொடி ஓட இடமில்லை. வெள்ளரி போட்டிருக்கும் பெண், ரேஷன் அரிசிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பூண்டைப் பிடுங்கி எறிகிறாள்.

ஒரு செடியை மட்டும் விட்டிருக்கிறாள். நான் நெருங்கியதும் அதன் நிழலிலிருந்து ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு எழுகிறது. மணலில் முட்டைகள்.

"கிட்ட போவாதீங்கய்யா, அடை காக்குது."

"இது காய் வெடிச்சா திட்டு பூரா மறுபடி முள்ளாயிடுமேம்மா?"

"காய்க்க வுட்டாத்தானே? தினம் பூவைக் கிள்ளிடறேன். குஞ்சு ஓடிட்டா செடியையும் புடுங்கிடுவேன்."

விலகி நிற்கிறேன். குருவி திரும்பி வந்து உட்காருகிறது. அவள் சாக்கைக் கழற்றுகிறாள்; அது உரசும் சத்தத்துக்குக் குருவி மிரளுமாம். முள் குத்தக் குத்த, வெறும் விரலால் ஒவ்வொரு பூவாகக் கிள்ளுகிறாள். குருவியின் தலைக்கு மேலேயே அவள் கை போய்வருகிறது, அது அசையவில்லை.

அக்கரையிலிருந்து பரிசல்காரன் கூப்பிடுகிறான். பதிலுக்குக் கத்த எனக்கு மனம் வரவில்லை. கையை மட்டும் ஆட்டுகிறேன்.