பெர்பெத்துவாவுக்குக் கிடைக்காத தண்டனை

அந்த மலையூரில் கல்யாணம் நடத்தி வைத்த ஞானத்தாய்க்கு அந்தத் தம்பதிமேல் பெற்றவளைவிட அதிகாரம். ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொன்னதும் பட்டால் எரியும் காஞ்சொறிச் செடிகளைக் கட்டாகக் கட்டி, அடிக்கச் சொல்லி அவள் கையில்தான் கொடுப்பார்கள். பெர்பெத்துவா அதில் பேர்போனவள். அவள் ஞானப்பிள்ளைகளில் அடி வாங்காதவர்கள் குறைவு, அவளை வெறுத்தவர்களும் குறைவு.

அந்த வறட்சியில் அவளுக்கே புத்தி கெட்டது. விடியற்காலைப் பனிமூட்டத்தில், தண்ணீர் பாய்ச்சத் தன் முறை இல்லாதபோது, வாய்க்கால் மடையைத் திறந்தாள். கரை உடைந்து பக்கத்து உருளைக்கிழங்கு வயல்களெல்லாம் அடித்துக்கொண்டு போயின. பயந்து ஓடிவந்துவிட்டாள். அன்றைக்கு வாய்க்கால் காவல் அவளுடைய ஞானமகன் அன்செல்மோ. பழி அவன் தலையில் விழுந்தது.

"நான் தொறக்கல" என்று அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளும்தான் வாயைத் திறக்கவில்லை.

சட்டையைக் கழற்றி, ஐஸ் போன்ற ஊற்றுத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். காஞ்சொறி அவள் கைக்கு வந்தது. மெதுவாக வீசினாள்.

"என்னக்கா, ஈ ஓட்டுறியா?" என்று யாரோ சிரித்தார்கள்.

சந்தேகம் வந்துவிடுமோ என்று ஓங்கி அடித்தாள், பாவி. அவன் முதுகு தடித்துச் சிவந்தது. முடிந்ததும் வழக்கப்படி அவள் முன்னால் மண்டியிட்டான்.

"கடவுள் உங்களுக்குப் புண்ணியம் குடுக்கட்டும்மா. என்னைத் திருத்துனீங்க."

அவளால் தாங்க முடியவில்லை. "இவன் இல்ல! மடையைத் தொறந்தது நான்தான். என்னை அடிங்க!"

தலைவர் லிசார்தோ தொண்டையைச் செருமினார். "உன்னை அடிக்க உன் ஞானத்தாய் உசுரோட இல்ல. ஒரு குத்தத்துக்கு ஒரு தண்டனைதான். அது முடிஞ்சுபோச்சு. இனி யாரும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது."

நிரபராதியை அடித்த ஊருக்கு அதுதான் வசதி.

அவள் காஞ்சொறியை அன்செல்மோவின் கையில் திணித்தாள். "நீயாவது அடிடா!"

குளிரில் அவன் உதடு நடுங்கியது. அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அம்மாவை அடிக்கிற கை எனக்கில்லம்மா" என்று காஞ்சொறியைக் கீழே போட்டான்.

தண்டனை பெற்றவனை அணைத்து ஊரோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள். கடைசி முறை ஞானத்தாயுடையது. அவள் அணைத்தபோது தடிப்புகள் கையில் தட்டுப்பட்டன, அவன் உடம்பு வெடவெடத்தது. ஊர் காத்திருந்தது, மன்னிப்பு வார்த்தையை வழக்கப்படி அவள்தான் சொல்லியாக வேண்டும்.

"உன் குத்தம் போச்சுடா மகனே" என்றாள்.