கண்ணாடிப் பலகையில் கலந்த களிம்பு

என் சித்தி பல் செட் செய்பவர். பல் கிளினிக்கின் பின்பக்கம் அவருக்கு ஒரு சின்ன அறை உண்டு. ஜன்னலோர மேஜையில் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக இருக்கும். டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதை வைத்து சித்தி மெழுகில் ஈறு செதுக்கி, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, அச்சில் போட்டு வேகவைத்து எடுப்பார். தெருவில் அவருக்குப் பல்லக்கா என்று பெயர். அவர் எதிரே வந்தால் சிலர் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவர் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார்கள். காலையில் கை விரியாது; டீ தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பார். மாத்திரை வயிற்றைப் புரட்டியது. மெழுகுக் கத்தி நழுவியது. "ரெண்டு செட் திரும்பி வந்துடுச்சும்மா" என்றார் பல் டாக்டர். சித்தப்பா காலமான பிறகு சித்தியின் விரல்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் பெரிய மருத்துவமனையில் ஒரு புதிய களிம்பைச் சோதிக்கிறார்கள் என்று தெரியவந்து, அதில் சேர்ந்தார். ஆராய்ச்சி செய்த டாக்டர் ஒரு இளம்பெண். சித்திக்குப் புரியும்படி விளக்கினார்.

"நம்ம உடம்புல காவல் காக்குற செல்லுங்க கிருமியைக் கொல்ல ஒருவித ஆக்சிஜனைக் கக்கும். உங்க மூட்டுல கிருமியே இல்ல, ஆனாலும் கக்குது. அதுல மூட்டு வெந்து வீங்குது. இந்தக் களிம்புல நானோ துகள் இருக்கு, முடியை ஆயிரக்கணக்குல பிளந்தா வர்ற அளவு. அந்த ஆக்சிஜனைப் பிடிச்சு அடக்கிடும், அப்புறம் தன்னைத்தானே சரிபண்ணிக்கிட்டு மறுபடியும் பிடிக்கும். சோதனைக்குழாய்ல பிடிக்குது. மனுஷங்க கையில பிடிக்குமான்னு பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

பாதிப் பேருக்குத் துகள் உள்ள களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

காத்திருக்கும் பெஞ்சில் சித்திக்குப் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் அம்மாள் உட்காருவார். அவருக்கும் அதே நோய்தான். டிக்கெட் கிழிக்க முடியாமல் பயணிகளிடம் தினமும் திட்டு வாங்குகிறவர். இரண்டாவது முறை பார்த்தபோதே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

"பல்லக்கா, உங்களுக்குக் கொடுத்தது நெசமா, டூப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் வரிசையில முன்னாடி நின்னு வாங்கினே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் தன் ட்யூபோடு சித்தியின் வேலை அறைக்கு வந்துவிட்டார். இரண்டையும் கண்ணாடிப் பலகையில் பிதுக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். பல்லின் நிறத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் சித்திக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப கலந்துடுங்க" என்றார் கண்டக்டர். "ஆளுக்குப் பாதி. பங்காளிச் சண்டை இல்ல."

"ரெண்டுமே டூப்பா இருந்தா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏமாறுவோம். தனியா ஏமாந்தாத்தான் வயிறு எரியும்."

பிசின் கலக்கும் தட்டைக் கரண்டியால், கட்டி விழாமல், சித்தி பதமாகக் கலந்து இரண்டு டப்பாக்களில் பிரித்தார். புது ட்யூப் கொடுக்கும்போதெல்லாம் இதையே செய்தார்கள்.

வீக்கம் வடிந்தது. கத்தி பிடிக்கு வந்தது. செட்டுகள் திரும்பி வருவது நின்றது. கண்டக்டர் முஷ்டியை மடக்கிக் காட்டி, "இனிமே எவனாவது சில்லறை இல்லேன்னு சொல்லட்டும்" என்றார்.

அடுத்த சோதனையில் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லிப் பார்த்த டாக்டரின் முகம் மலர்ந்தது. "உங்களை மாதிரி ஆளுங்க அளவை வச்சுத்தான் அடுத்து குழந்தைங்களுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு முடிவு பண்ணப்போறோம்" என்றார். இதே நோயுள்ள குழந்தைகள் மாடி வார்டில் இருந்தார்கள். ஊன்றுகோலோடு படி இறங்கிய ஒரு சிறுமியை அன்று சித்தி பார்த்தார்.

அந்த வாரமே கிளினிக்கில் ஒரு செட் திரும்பி வந்தது. சித்தியின் வேலையில் குறை இல்லை. அளவெடுக்கும்போது நோயாளிக் கிழவர் தலையை அசைத்துவிட்டார். தப்பான அளவில் சுத்தமாகச் செய்த செட், வாயில் உட்காரவே இல்லை. சித்தி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்டக்டருக்குப் போன் செய்தார்.

"களிம்பைக் கலந்து பூசிட்டு நாம கொடுத்ததும் தப்பான அளவுதான்டி. சொல்லிடலாம்."

"சொன்னா களிம்பு நின்னுடும். உங்களுக்கு உட்கார்ந்து செய்யற வேலை. நான் ஓடுற பஸ்ல ஒரு கையில கம்பியைப் பிடிக்கணும். நினைச்சுப் பாருங்க."

சித்தி மட்டும் போய்ச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை, அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். இன்னொருவர் யார் என்று கேட்டார். சித்தி பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்.

"அப்ப உங்க கணக்கை மட்டும்தான்மா நீக்க முடியும். இன்னொருத்தரோட தப்புக் கணக்கு உள்ளேயே இருக்கும்."

"ரெண்டு நாள் பொறுங்க. அவளே வருவா."

மறுநாள் சித்தி கண்டக்டரின் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "எங்க போகணும்?" என்றார், முன்பின் தெரியாதவர் போல.

"நீ எங்க இறங்குறியோ அங்க."

"இது டூட்டி பஸ். கடைசி வரைக்கும் போகும்."

"போகட்டும்."

கூட்டம் ஏறி இறங்கியது. கண்டக்டர் இரண்டு முறை பக்கத்தில் வந்து, பின்னால் இருந்தவர்களிடம் டிக்கெட் கேட்டபடி நகர்ந்தார். கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் எதிர் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் பேரைச் சொன்னீங்களா?"

"சொல்லல. மாடி வார்டுல ஊன்றுகோலோட நடக்குற ஒரு சின்னப் பொண்ணைப் பார்த்தேன். அவளுக்கு நம்ம கணக்கை வச்சுதான் மருந்து போடுவாங்களாம். எனக்குத் தூக்கம் வரல."

கண்டக்டர் தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். "ஒரு மாசம்தான் நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, "நாளைக்கு எனக்கு லீவு. நீங்களும் கூட வரணும். டாக்டர் முன்னாடி நான் தனியா நிக்க மாட்டேன்" என்றார்.

இருவர் கணக்கையும் நீக்கிவிட்டார்கள். களிம்பு நின்றது. யாருடைய ட்யூப் நிஜம் என்பது சோதனை முழுவதும் முடிந்த பிறகுதான் தெரியுமாம். டாக்டர் இருவரையும் மருத்துவமனையின் மூட்டுப் பிரிவில் சேர்த்துவிட்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். புது மாத்திரை வயிற்றைப் புரட்டவில்லை, ஆனால் களிம்பு அளவுக்குக் கேட்கவும் இல்லை.

சித்திக்கு ஆள்காட்டி விரல் மறுபடி வீங்கியிருக்கிறது. ஈறுக்குப் போடும் இளஞ்சிவப்புப் பிசினையே கத்தியின் பிடியில் தடிமனாகப் பூசிக்கொண்டார். விரலை முழுக்க மடக்காமலே பிடிக்க முடிகிறது. முன்பு ஒரு நாளில் முடித்த செட் இப்போது ஒன்றரை நாள் எடுக்கிறது. பல் டாக்டர் அதற்குச் சம்மதித்துவிட்டார்.