இல்லாத காட்சிக்கு ஐந்துக்கு ஐந்து

கருத்துக் கணிப்புத் தொழிலில் கேள்வி கேட்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. வந்த பதிலை நம்பாமல் இருப்பதற்குத்தான் தருகிறார்கள்.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் "ரெண்டே நிமிஷம்" என்று யாராவது உங்களை மறித்திருந்தால், அது நானாக இருக்கலாம். அந்த ரெண்டு நிமிஷம் கால் மணி நேரமாக இழுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லி நம்மை எத்தனை பேர் பாடாய்ப் படுத்துகிறார்கள்! வங்கி கேட்கிறது, பல் மருத்துவர் கேட்கிறார், கழிப்பறைச் சுவரில்கூடச் சிரித்த முகமா, சுளித்த முகமா என்று ஒரு திரை கேட்கிறது. நீங்கள் படும் பாட்டை நானும் படுகிறேன். என்ன, எனக்கு அதுவே பிழைப்பு.

இந்தத் தடவை வந்த வேலை ஒரு தமிழ் விண்வெளித் தொடர். பெயர் வேண்டாம், வம்பு. இரண்டு சீசன் ஓடி முடிந்துவிட்டது. விண்கலத்தின் தலைவன் ஆதவன், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பூங்கொடி, இந்த இருவரைச் சுற்றித்தான் கதை. பூங்கொடியின் பாத்திரம் வளரவே இல்லை, கதை வேகம் எடுக்காததற்கு அவள்தான் காரணம் என்று தயாரிப்பாளருக்கு ஓர் எண்ணம். மூன்றாவது சீசனில் அவளைச் சாகடிப்பதா, வைத்துக்கொள்வதா? ரசிகர்களைக் கேட்டு நான் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் முடிவு. கற்பனைப் பெண்ணின் உயிர் என் கையில் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஒன்பதாம் கேள்வி

இதற்கு முன்னால் ஒரு சமையல் நிகழ்ச்சிக்குக் கணிப்பு எடுக்கப்போய் மூக்கு உடைபட்டிருந்தேன். நிகழ்ச்சியைப் பார்க்காதவர்கள் எல்லாம் பற்றுச்சீட்டு, அதாவது கடை வவுச்சர், கிடைக்கும் என்று பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று மேலாளர் ரகு முகத்துக்கு நேராகவே சொன்னார். அதனால் இந்த முறை ரகுவிடம் சொல்லிவிட்டே படிவத்தில் ஒரு பொறி வைத்தேன். ஒன்பதாம் கேள்வி: "கலத்தின் சமையலறையில் பூங்கொடி தனியாக அழும் காட்சி எப்படி இருந்தது?" அப்படி ஒரு காட்சியே கிடையாது. இரண்டு சீசனையும் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தவள் நான். பூங்கொடி எங்கேயும் அழவில்லை. "இல்லை", "நினைவில்லை" என்று எழுதினால் படிவம் நீலக் கோப்புக்குப் போகும். மதிப்பெண் போட்டால் சிவப்புக் கோப்பு. சிவப்பு என்றால் பொய்யர், கணக்கில் சேராது.

முதல் நாளே தேக்கா சந்தையில் ஒருவர் மாட்டினார். பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் நாலு போட்டார். ஒன்பதாவதுக்கும் நாலு. "பூங்கொடி யாருண்ணே?" என்று கேட்டேன். "வில்லிதானே?" என்றார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் படிவத்தைச் சிவப்புக் கோப்பில் செருகினேன். அவர் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.

"வவுச்சர் குடுப்பீங்கன்னா எனக்கு எல்லா கேரக்டரும் புடிக்கும்லா!"

என்னையே விசாரித்தார்கள்

சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் உணவகத்தின் மாடியில் ரசிகர் சந்திப்பு என்று கேள்விப்பட்டுப் போனேன். நாற்காலிகளே இரண்டு கட்சியாகக் கிடந்தன. முதல் சீசன்தான் சீசன் என்பவர்கள் ஜன்னல் பக்கம், இரண்டாவதில்தான் பாத்திரங்களுக்கு ஆழம் வந்தது என்பவர்கள் ஏசிக்குக் கீழே. நான் போய் நின்றதும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். யார் அனுப்பினார்கள், படிவம் யாருக்குப் போகும், எதற்கு ஓரத்தில் இத்தனை இடம் விட்டிருக்கிறீர்கள் என்று ஒரே குடைச்சல். அடுத்தவரைச் சந்தேகப்பட்டே பழகிய எனக்கு இது புது அனுபவம்.

அவர்களில் செந்தில் என்பவர் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். எந்தக் காட்சி எத்தனை விநாடி என்று ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தார். நாலாவது பகுதியில் ஒரு கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லி என்னிடமே கோபப்பட்டார். ஒன்பதாம் கேள்வியைப் படித்ததும் நோட்டைப் புரட்டினார், என்னை முறைத்தார், "இல்லை" என்று எழுதினார். சரி, நீலம் என்று நிம்மதியாகக் கை நீட்டினேன். படிவத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இருபது கேள்வியில ஏழு கேள்வி பூங்கொடி இல்லாம போனா எப்படி இருக்கும்னு கேக்குது. அவளக் கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட கையெழுத்து வாங்கத்தானக்கா வந்திருக்கீங்க?"

ரெண்டு மடங்கு வேகம்

சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் முரளி, வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே இரண்டு சீசனையும் முடித்தவர். கதையின் வேகத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்ட முதல் மனிதர் அவர்தான். அத்தனை பேரும் கதை இழுக்கிறது என்று புலம்பும்போது இவருக்கு மட்டும் எப்படி என்று எனக்கு மூக்கு வியர்த்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். தொடர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆதவன் கொசு மாதிரி பேசினான், பூங்கொடி தடதடவென்று நடந்தாள். அவள் செத்தால் வருத்தமா என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். ஒன்பதாவதுக்கு "நினைவில்லை". விதிப்படி நல்ல சாட்சி. நீலக் கோப்பில் வைக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நீங்களும் டபுள் ஸ்பீட்ல பாருங்க சிஸ், எல்லாருமே நல்லா நடிக்கிறாங்க."

நடிகையின் சொந்தக்காரி

புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பூங்கொடி பற்றிய எல்லாக் கேள்விக்கும் ஐந்து. மற்ற எவனுக்கும் இரண்டுக்கு மேல் இல்லை. பூங்கொடியாக நடித்தவரின் அக்காவோ மாமியோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. "உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க நடிக்கிறாங்களா?" என்று நாசூக்காகக் கேட்டேன். "தெரிஞ்சவங்க இருந்தா அவ கைய நானே புடிச்சு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றார். பேருந்து பழுது பார்க்கும் பணிமனையில் அவர் மெக்கானிக்காம். சுற்றிலும் ஆண்கள்.

அதன் பிறகு எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் ஒன்பதாம் கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வேறு: "ஆதவன் முன்னால் அழாமல் தனியாக வந்து அழுதாள், அது சரி. நானும் அப்படித்தான்." அதை இரண்டு தடவை படித்தேன். விதி விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிவப்புக் கோப்பைத் திறந்தேன். திறந்ததை அவர் பார்த்துவிட்டார். எதற்கு என்றுதான் அவருக்குத் தெரியாது.

"ஸ்பேனர அவ புடிக்கிற மாதிரி புடிச்சா கை கிழிஞ்சிரும், அது வேற விஷயம். ஆனா அவள சாகடிச்சீங்க, நான் அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேன், எழுதிக்குங்க!"

பிடோக்கில் மூன்று நிமிடம்

பிடோக்கில் இருந்து மாணிக்கம் என்ற பெரியவர் தொலைபேசியில் பதில் சொன்னார். ஒன்பதாம் கேள்விக்கு ஐந்து. அதோடு நிறுத்தாமல், "கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுவுறாம்மா, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு" என்று விலாவாரியாகச் சொன்னார். பொய் சொல்பவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். இவர் ஒருபடி மேலே போய்விட்டார் என்று எனக்குக் கோபமான கோபம். நேரில் சரிபார்க்கிறேன் என்று வீட்டுக்கே போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, சர்க்கரை நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு வராத இடங்களில் திரையில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவாராம். ஒரு பகுதியை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பகுதி எனக்கு நன்றாகத் தெரியும். செந்தில் தன் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்த இடம். மூன்று நிமிடத்துக்குக் கலம் சும்மா மிதக்கும், பின்னால் இசை, வேறொன்றும் கிடையாது. திரையில் கலம் மிதந்தது. சரோஜா சொன்னார்: "இப்ப பூங்கொடி ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கா. அம்மாவுக்கு லெட்டர் எழுதுறா. எழுதிட்டுக் கிழிச்சுப் போடுறா." பெரியவர் "பாவம்" என்று தொடையைத் தட்டினார்.

நான் திரையைப் பார்த்தேன், அந்தம்மாவைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். முகம் சட்டென்று வெளிறிவிட்டது. கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். இத்தனை வருஷத் தொழிலில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிப் பயந்ததில்லை; எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவரிடம் "நல்லா கவனிச்சுப் பாக்குறீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சரோஜா மின்தூக்கி வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கப்பல் சும்மா மெதக்குது, சும்மா மெதக்குதுன்னு மூணு நிமிஷத்துக்கு எப்படிம்மா சொல்றது?"

கிச்சன் சீன்

அலுவலகத்தில் உட்கார்ந்து சிவப்புக் கோப்பை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். பராட்டாக்காரர் மாதிரி ஆட்கள் சிலர்தான். மற்றவர்கள் எல்லாரும் பூங்கொடி எதற்கு அழுதாள் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் அம்மா ஞாபகம் என்றார், ஒருவர் ஆதவன் திட்டினான் என்றார், ஒருவர் விரல் இயந்திரத்தில் நசுங்கிவிட்டது என்றார். கதை நின்ற இடத்தில் எல்லாம் இவர்களே ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பி வைத்திருக்கிறார்கள். நீலக் கோப்பில் செந்திலைப் போல நாலைந்து பேரைத் தள்ளினால் மிச்சம் எல்லாம் "செத்தால் பரவாயில்லை". என் விதிப்படி நீலத்தை மட்டும் கொடுத்தால் பூங்கொடி காலி. அவளைக் கொல்லப்போவது தயாரிப்பாளர் இல்லை, என் பொறிதான். இரண்டு கோப்பையும், ஒன்பதாம் கேள்வியையும் சேர்த்தே அறிக்கை எழுதினேன். அந்தக் கேள்விக்குத்தான் இருப்பதிலேயே அதிக மதிப்பெண். ரகு ஓரக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே எழுதினது இல்லையே?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் அடுத்தவர்களிடம் நான் கேட்டதும் இதே கேள்விதானே என்று நினைத்துக்கொண்டு படிவங்களை மறுபடி கோப்பில் அடுக்கினேன்.

தயாரிப்பாளர் அறையில் எலும்பு வரைக்கும் குளிர். ஒன்பதாம் கேள்வி ஒரு பொறி, அப்படி ஒரு காட்சி கிடையாது, ஆனாலும் ஜனங்கள் அவளை இப்படி நினைக்கிறார்கள் என்று நேராகச் சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து மறுபடியும் படித்தார். முகம் மலர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குக் கீழே ரகு என் காலை ஓங்கி மிதித்தார்; தயாரிப்பாளர் முந்திக்கொண்டார்.

"கிச்சன் சீன்தானே? டைரக்டர் வேணாம்னாரு, நான்தான் புடிவாதமா வைக்கச் சொன்னேன், எடுத்த அன்னிக்கு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இவள எல்லாம் சாகடிக்க முடியாதுலா!"

ஆக, பார்த்தவர்கள், பார்க்காதவர், கண் தெரியாதவர், எடுத்தவர் என்று இத்தனை பேர் பார்த்துவிட்ட அந்தக் காட்சி, தொடரை ஒரு நிமிடம் விடாமல் பார்த்த என் கண்ணில் மட்டும் இன்னும் படவில்லை.