மூன்றடிக்கு ஒரு பம்பு

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கம்பெனியின் தில்லிக் கிளை முழுவதும் நான் ஒருவனே. விசிட்டிங் கார்டில் 'பிசினஸ் டெவலப்மென்ட் ஆபீசர்' என்று அச்சடித்திருந்தார்கள். அலுவலகம், முனீர்க்காவில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டின் முன்னறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான்கு கோப்புகள். மாலையில் அந்த மேசையில்தான் என் மனைவி வெண்டைக்காய் நறுக்குவாள் என்பதால், ஐந்தரை மணிக்குக் கிளை மூடப்படும்.

கம்பெனி கோயம்புத்தூரில் கிணற்றுப் பம்பு செய்தது. நூறடி, இருநூறடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் பம்புகள். எங்கள் முதலாளி ஒரு மே மாதத்தில் தில்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவர், அங்கே வீட்டுக்கு வீடு கூலர் இருக்கிறது, கூலருக்குக் கூலர் ஒரு குட்டிப் பம்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த மாதமே என்னை ரயிலேற்றி விட்டார்கள். ஒரு வருடம் அவகாசம். அடுத்த ஜூன் முடிவதற்குள் ஒரு கூலர் கம்பெனியாவது ஆர்டர் தரவேண்டும். இல்லாவிட்டால் கிளையை மூடிவிட்டு, நான் கோயம்புத்தூரில் டெஸ்பாட்ச் பிரிவில் பெட்டிகளுக்கு முகவரி எழுதப் போகவேண்டும்.

உண்மையைச் சொன்னால் பெட்டிக்கு முகவரி எழுதுவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் வந்த நான்காம் மாதம் என் மனைவிக்கு லோதி ரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. ஊரில் ஐந்து வருடம் அலைந்தும் கிடைக்காத வேலை. காலையில் அவள் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்தால், பின்னால் நடந்துபோகும் எனக்கே முதுகு நிமிரும். "மிஸ், பானி பீனே ஜாவூங்?" என்று கேட்கும் ஆறாம் வகுப்பை வருட முடிவுக்குள் "தண்ணீர் குடிக்கப் போகலாமா?" என்று கேட்க வைப்பதாக அவள் சபதம் போட்டிருந்தாள். ஆக, அவளுக்கு ஓர் இலக்கு இருந்தது, எனக்கு ஓர் இலக்கு இருந்தது. அவள் முன்னேறிக்கொண்டிருந்தாள்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒவ்வொரு கம்பெனிக்கும் போன நேரம், உள்ளே கூப்பிட்ட நேரம், டீ கொடுத்தார்களா இல்லையா என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவேன். முதல் எட்டு மாதத்தில் டீ ஏராளம். ஆர்டர் கிடையாது. நராய்ணாவில் கூலர் செய்கிற ஒரு லாலாஜி மட்டும் என் கார்டைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு இந்தியில் கேட்டார்.

"பிசினஸ் டெவலப்மென்ட்டா? யாருடைய பிசினஸ், உங்களுதா என்னுதா?"

"ரெண்டும்தான், லாலாஜி."

"அச்சா. முதல்ல என்னுதைப் பண்ணுங்க. ஒரு சாம்பிள் கொண்டு வாங்க, மத்ராசி சாஹப். பேச்சு போதும்."

அன்றே எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் பேசினேன். எங்கள் டிசைன் தலைமைப் பொறியாளர் முப்பது வருடமாகப் பம்பு வரைகிறவர். கிணறு இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சே வராது.

"எத்தனை அடி தூக்கோணும், தம்பி?"

"மூணடிங்க, சார்."

"முப்பதா?"

"மூணுங்க. மூணே மூணு அடி."

"மூணடிக்கு எதுக்குங் தம்பி பம்பு? சொம்புல மோந்து ஊத்திக்கலாமே."

நான் விளக்கினேன். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் புல் அடைத்த சட்டம், அடியில் தண்ணீர்த் தொட்டி. பம்பு அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும், அது புல் வழியாகச் சொட்டும், உள்ளே இருக்கும் விசிறி ஈரக்காற்றை அறைக்குள் தள்ளும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கூலரை அவர் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை.

"சரி, விடுங்க. நம்ம பேரு போற மாதிரி அனுப்பிற மாட்டேன்" என்றார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் சாம்பிள் ரயில் பார்சலில் வந்தது. கைப்பிடி அளவு இருக்கவேண்டிய பம்பு தேங்காய் அளவு இருந்தது. மறுநாள் காலை பத்தேகாலுக்கு லாலாஜியின் அறையில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் பின்னால் ஜன்னலில் பொருத்தியிருந்த கூலருக்குள் அதை வைத்தோம். லாலாஜி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

முதல் இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது விநாடியில் மேல் குழாய் கழன்றது. தண்ணீர் கூலரின் கூரையில் முட்டி, விசிறியில் விழுந்து, விசிறி அதைக் கடமை தவறாமல் அறைக்குள் அனுப்பியது. கூடவே புல்லும் வந்தது. லாலாஜியின் தலைமேலும், மேசையிலிருந்த விலைப்பட்டியல்கள் மேலும், எதிரே சுவரில் மாலை போட்டிருந்த அவருடைய அப்பாவின் படத்தின் மேலும் ஒரே சீராக மழை பெய்தது. நான் ஸ்விட்சைத் தேடினேன். நான்தான் போட்டேன், ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

அணைந்த பிறகு லாலாஜி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மீசையில் ஒரு புல் இருந்தது.

"ஜில்லுனுதான் இருக்கு" என்றார். பிறகு, "இதைக் கொண்டுபோய்த் தீயணைப்பு நிலையத்துல காட்டுங்க" என்றார்.

நடந்ததை நடந்தபடியே மூன்று கட்டத்தில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். டீ கொடுக்கவில்லை என்பது உட்பட. நான்காம் நாள் பொறியாளர் பூத்துக்குப் போன் செய்து என்னை வரவழைத்தார். குரலில் கோபத்தைவிட வியப்பு அதிகம்.

"முப்பது வருசத்துல தண்ணி வரலீன்னு சொன்னவன் இருக்கான். கம்மியா வருதுன்னு சொன்னவன் இருக்கான். ஜாஸ்தியா வருதுன்னு குத்தம் சொன்ன மொத ஆளு உங்க லாலாஜிதானுங்க. நான் நேர்ல வந்து பாக்கோணும்."

வந்தார். இரண்டு இரவு ரயில் பயணம் முடிந்து, மே மாத நண்பகலில், முழுக்கைச் சட்டையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர் கூலர் முன்னால் நின்றார். வீட்டுக்காரர் கொடுத்த பழைய கூலர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கச் சட்டத்தைக் கழற்றி உள்ளே தலையை விட்டார்.

"இவ்வளவுதானா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இவ்வளவுதானுங்ணா" என்றாள் என் மனைவி. "சாப்பிட்டுட்டுப் பாருங்க."

"தகரப் பொட்டி. ஈரப் புல்லு. இதுக்குப் போயி நான் வெங்கலத்துல சக்கரம் வார்த்தேனே, அம்மிணி."

சாப்பிட்டுவிட்டுச் சும்மா பார்க்கலாம் என்று அதன் எதிரே உட்கார்ந்தவர் மாலைவரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை நான் கூலரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன். கண்ணைத் திறக்காமலேயே காலால் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் எங்கள் மொட்டைமாடி ஆராய்ச்சிக் கூடமாக இருந்தது. அவர் கொண்டுவந்திருந்த சிறிய பிளாஸ்டிக் சக்கரத்தைப் பம்பில் போட்டு ஓட்டுவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாளி நிறைய எத்தனை விநாடி என்று எழுதுவேன். அதிகம் என்றால் சக்கரத்தைக் கழற்றி அரத்தால் ஒரு சுற்று ராவுவார். பம்பைப் பலவீனமாக்குவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். நான்கு வாளிகளும் மாடிக்குப் போய்விட்டதால் என் மனைவி பிரஷர் குக்கரில் துணி ஊறவைத்தாள்.

"ஏனுங்ணா, இன்னும் எத்தனை சுத்து?"

"அது சொட்டோணும், அம்மிணி. ஊத்தக் கூடாது. இது இன்னும் ஊத்துது."

மூன்றாம் நாள் மாலை அது சொட்டியது. மூன்று பக்கப் புல்லும் சமமாக நனைந்தது. அவர் முகத்தில், மகனை விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்புகிறவரின் வாட்டம். மறுநாள் காலை ரயிலில் ஊருக்குப் போய்விட்டார். லாலாஜியிடம் காட்டும்போது கூட இருக்க மனம் வரவில்லை என்று சொன்னார்.

லாலாஜி சம்மதிக்க இரண்டு நாளானது. நிபந்தனை ஒன்றுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, எட்டு மணி நேரம் பம்பு நிற்காமல் ஓடவேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "நனைஞ்சா ரெண்டு பேரும் நனைவோம்" என்றார். அதற்கு அடுத்த நாள் அவர் குடும்பத்தோடு ஹரித்வார் போகிறார். திரும்பி வர ஜூன் முடிந்துவிடும்.

அவர் குறித்த நாள்தான் கோடை விடுமுறைக்கு முன் என் மனைவியின் பள்ளியில் கடைசி நாள். ஜூலையில் திரும்பி வராத ஆசிரியைகள் அன்றே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டும், வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அவர் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். முந்தின நாள் மாலை நானே அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். என் மனைவி அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு மணிக்குள்ள போன் வந்துதுன்னா இது பைக்குள்ளயே இருக்கும். வரலீன்னா குடுத்துட்டு வந்துருவனுங்க. நம்மளால அவங்க சிரமப்படக் கூடாது."

"எட்டு மணி நேரம் ஓடணுமாம். அஞ்சு ஆயிடும்."

"உங்க லாலாஜிக்கு மத்தியானமே புடிச்சுப் போச்சுன்னா?"

ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். லாலாஜி முதல் அரைமணி நேரம் ஒரு மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதை ஆணியில் மாட்டினார். பதினொன்றுக்கு டீ வந்தது. எழுதிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு அவரே கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்து, "படியா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்குச் சாப்பாடு வந்துவிட்டது. பராத்தா, தயிர், ஒரு முழு மாம்பழம். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, கூலருக்கு எதிரே இருந்த சோபாவில் சாய்ந்தார். ஒன்றே கால். குறட்டை.

என் வாழ்க்கையில் அதைவிடச் சிறந்த சோதனை முடிவு வந்ததில்லை. வெளியே அனல் அடிக்கிறது, வாடிக்கையாளர் உள்ளே குழந்தைபோலத் தூங்குகிறார். ஆனால் தூங்குகிறவர் ஆர்டர் தரமாட்டார். ஒன்று இருபத்தைந்து. இருமினேன். ஒன்று முப்பது. நாற்காலியை நகர்த்தினேன். நாட்குறிப்பைத் தரையில் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். ஒன்று நாற்பதுக்கு, அவரைத் தொட்டு எழுப்பும் துணிச்சல் இல்லாத நான், எழுந்துபோய்க் கூலரை அணைத்தேன்.

இரண்டாவது நிமிடத்தில் குறட்டையின் ராகம் மாறியது. மூன்றாவது நிமிடத்தில் லாலாஜி நெற்றி வியர்வையைத் துடைத்தபடி கண்ணைத் திறந்தார். அதற்குள் நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டு நாற்காலிக்கு வந்திருந்தேன்.

"லைட் போச்சா?"

"ஆமாம், லாலாஜி. இப்பத்தான் வந்தது."

அவர் கதவைப் பார்த்து வெளியறைக் கணக்கரிடம் குரல் கொடுத்தார். "ஏய், அங்கேயும் போச்சா?"

"இல்லையே, லாலாஜி. ஃபேன் ஓடிட்டுத்தான் இருக்கு."

நான் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாலாஜி என்னைப் பார்த்தார். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கும்" என்று அவரே முடிவு செய்தார். "இந்த ஊர்ல அதுதான் வழக்கம்." பிறகு மறுபடியும் வீசத் தொடங்கிய காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார். "அட. மூணு நிமிஷம் இல்லாம இருந்தாத்தான் இதோட அருமை தெரியுது. எழுதுங்க, மத்ராசி சாஹப். முதல் லாட் ஐந்நூறு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அவர் மேசைப் போனிலேயே பள்ளிக்குப் பேச அனுமதி கேட்டேன். ஒன்று ஐம்பத்து நான்கு. யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் அவள் வந்தாள்.

"கெடச்சிருச்சு" என்றேன்.

"குடுத்துட்டனுங்களே."

"எப்ப?"

"இப்பத்தான். அவங்க கெளம்பறாங்கன்னு. இருங்க, வெச்சிராதீங்க."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தூரம் போனது. லாலாஜி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கென்று கேட்காமலேயே தானும் போனைப் பார்த்தபடி காத்திருந்தார். செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"வாங்கிட்டேன்" என்றாள் மூச்சிரைக்க.

"என்ன சொல்லி?"

"தேதி போட மறந்துட்டேன், போட்டுட்டுத் தர்றேன்னு."

அந்தக் கடிதத்தில் தேதி இருந்தது. இடது மூலையில் கடித எண்கூட இருந்தது. எழுதியவன் நான். ஆனால் அதைச் சொல்லும் தகுதியை அன்று பதினான்கு நிமிடம் முன்பு இழந்திருந்தேன்.

"சரி" என்றேன்.

லாலாஜி எழுந்து சோம்பல் முறித்தார். "வேலை முடிஞ்சுதே. வீட்டுக்குப் போங்க, சாஹப்."

நான் சோதனைக்காக நாட்குறிப்பில் போட்டிருந்த கட்டங்களைப் பார்த்தேன். ஒன்று நாற்பது முதல் ஒன்று நாற்பத்து மூன்றுவரை கட்டம் காலியாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'மின்தடை' என்று எழுதினேன். என் நாட்குறிப்புகளில் எனக்குத் தெரிந்து பொய்யான பதிவு அது ஒன்றுதான்.

"எட்டு மணி நேரம்னு பேச்சு, லாலாஜி" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் சோபாவில் சாய்ந்தார். சற்று நேரத்தில் தூங்கிப்போனார். நான் அரைமணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி மூன்று நிமிடத்துக்குத்தான் எழுந்தேன்.